படலைக்குள் வரவேண்டிய உதவி

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. வடக்கே குச்சவெளி, பதவிசிறிபுர. தெற்கே சேருவில, வெருகல். துறைமுகத்தைச் சுற்றிப் பட்டினமும் சூழலும், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர். உள்நிலத்தில் கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல. இவற்றில் எதிலும் "வீட்டுப் பராமரிப்புச் சேவை" என்று பலகை போட்ட ஓர் அலுவலகம் கிடையாது. ஆனால் அந்தச் சேவையின் துண்டுகள் எல்லாப் பிரிவிலும் கிடக்கின்றன. மாதக் கொடுப்பனவு ஒரு மேசையில். சக்கர நாற்காலிக்கான விண்ணப்பம் இன்னொரு மேசையில். உடற்பயிற்சி சொல்லித்தரும் இயன்மருத்துவர் ஆஸ்பத்திரியில். வீடுவீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில். பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பானவர் வலயக் கல்விப் பணிமனையில். இவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பேசுவது அரிது. எல்லோரையும் ஒரே படலைக்குள் கொண்டுவரும் வேலை குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

சங்கும் கடலட்டையும் எடுக்க ஆழத்தில் குளித்து, அவசரமாக மேலே வந்ததால் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர், பனையால் விழுந்தவர், ஷெல் துண்டு முதுகில் தங்கியவர், நீரிழிவால் கால் எடுக்கப்பட்டவர், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர், மூளைவாதத்தோடு பிறந்த பிள்ளை, மனநோயோடு போராடுபவர். இப்படிப் பலருக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோருக்குப் பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ நினைவிலோ தம்மைத் தாமே பராமரிப்பதிலோ பேசிப் புரியவைப்பதிலோ ஏதாவது ஒரு கஷ்டம் இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வாழ்வது இல்லங்களில் அல்ல, தங்கள் வீடுகளில். ஆகவே வீட்டுக்கு வராத உதவி அவர்களுக்குப் பெரும்பாலும் எட்டாத உதவி.

முதலில் கேட்கவேண்டியது

பிரதேச செயலகத்துக்குப் போகும் குடும்பம் வழக்கமாகக் கேட்பது ஒன்றைத்தான்: "சல்லி ஏதும் கிடைக்குமா?" அந்தக் கேள்வி நியாயமானது. அதைக் கேட்கவேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் அதோடு திரும்பிவிட்டால் உத்தியோகத்தரின் கோப்பில் ஒரு பெயரும் ஒரு தொகையும் மட்டுமே பதியும். குளிக்க ஆள் வேண்டும், மலசலகூடத்துக்குள் நாற்காலி போகாது, கிளினிக்குக்குப் போக ஓட்டோக் காசு இல்லை, அம்மாவுக்கு இடுப்பு முறிகிறது என்பதெல்லாம் பதியாது. பதியாத தேவைக்கு எந்த அலுவலகத்திலும் நிதி ஒதுக்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் இந்த விடயம் சட்டமான கதை இங்கே பயன்படும். வறியவர்களுக்கான மெடிகெய்ட் என்ற அரச மருத்துவத் திட்டம் அங்கே 1965-இல் தொடங்கியது. அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்ற சிறுமி மூளையழற்சி வந்ததன் பின் மூச்சுக்கருவியின் துணையோடு வாழ்ந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்தால் மெடிகெய்ட் செலவைக் கொடுக்கும். வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுத்து நிறுத்திவிடும். வீட்டில் பார்க்கும் செலவோ ஆஸ்பத்திரிச் செலவைவிடக் குறைவு. 1981-இல் ஜனாதிபதி றேகனே இதைப் பகிரங்கமாக எடுத்துப் பேசினார். அந்த ஆண்டு முடியுமுன் மூன்று வயதுக் கேட்டி வீடு திரும்பினாள். நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்தை வீட்டுச் சேவைக்கும் செலவழிக்க மாநிலங்களுக்கு அனுமதி கொடுக்கும் சட்டமும் அதே 1981-இல் வந்தது. அதன் கீழ் வீட்டுக்கு உதவியாளர் வருவார். சாய்தளம் கட்டித் தருவார்கள். பராமரிக்கும் தாய்க்குச் சில நாள் ஓய்வு கிடைக்கும். சில மாநிலங்களில் பராமரிக்கும் உறவினருக்கே சம்பளமும் உண்டு. 1999-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஓல்ம்ஸ்டெட் வழக்கில், சமூகத்தில் வாழக்கூடிய ஒருவரைக் காரணமின்றி நிறுவனத்தில் வைத்திருப்பது பாகுபாடு என்றே தீர்ப்பளித்தது. அங்கேயும் காத்திருப்போர் பட்டியல்கள் நீளமானவை. ஆனாலும் என்னென்ன கேட்கலாம் என்ற பட்டியலை அந்தத் திட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கும் சட்டப் பிடி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் ஒன்று. 2003-இல் வந்த தேசியக் கொள்கை இன்னொன்று. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தில் இலங்கை 2007-இல் கையெழுத்திட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 19-ஆம் உறுப்புரை, ஒருவர் எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தாமே தெரிவுசெய்யவும், அதற்கு வேண்டிய உதவியை வீட்டிலும் சமூகத்திலும் பெறவும் உரிமை உண்டு என்கிறது. கடிதம் எழுதும்போது இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

ஒரு நாளை எழுதுங்கள்

எந்தப் படிவத்தையும் நிரப்புமுன் ஒரு கொப்பி வாங்கி, ஒரு முழு நாளை அதில் எழுதுங்கள். இதற்கு இணையான ஆவணம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். வைத்தியச் சான்றிதழில் நோயின் பெயர்தான் இருக்கும். அந்த நோயோடு ஒருவர் காலை 5 மணியிலிருந்து இரவு வரை எப்படி வாழ்கிறார் என்பது கொப்பியில்தான் இருக்கும்.

எழுதும் முறை எளிது. நேரம், என்ன வேலை, யார் செய்தது, எவ்வளவு நேரம் பிடித்தது, எதில் சிக்கியது. உதாரணமாக: "காலை 5.30. மகனைக் கட்டிலிலிருந்து இறக்கியது. நானும் மூத்தவளும். அவள் பள்ளிக்கூடம் போனபின் என்றால் நான் தனிய. 10 நிமிடம். எனக்கு நாரி நோ." "காலை 6. கிணத்தடியில் குளிப்பாட்டியது. கதிரை மணலில் புதைந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் தூக்கிவிட்டார்." "மத்தியானம் 12 முதல் 3 வரை. கடைக்குப் போகவேண்டியிருந்தது. அவர் தனிய இருந்தார்." இப்படி எழுதினால் மூன்று உண்மைகள் தானாகத் தெரியவரும்: எந்த வேலைக்கு இன்னொரு ஆள் தேவை, எந்த வேலையை ஒரு பொருளோ ஒரு கட்டுமானமோ தீர்க்கும், எந்த நேரத்தில் அவர் ஆபத்தோடு தனித்திருக்கிறார்.

இன்னொரு பக்கத்தில், மாற்றுத்திறனாளி தானே சொல்லும் விருப்பங்களை எழுதுங்கள். பேச முடியாதவரென்றால் முகக்குறியில் தெரிவதை எழுதுங்கள். கோவில் திருவிழாவுக்குப் போகவேண்டும், ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகவேண்டும், வலை பின்னத் தெரியும், கடற்கரையில் மாலையில் இருக்கவேண்டும். இவை ஆடம்பரம் அல்ல. உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அம்மா, தம்பி கடைசியா எப்ப வெளியில போனவர்?"

"கிளினிக்குக்குப் போன அண்டுதான் மிஸ்."

"கிளினிக் இல்லாம?"

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். கொப்பியில் அந்தப் பதிலும் இருக்கவேண்டும். அதுதான் வெறும் உயிர்வாழ்வுக்கும் ஊரோடு வாழ்வதற்கும் உள்ள தூரத்தைக் காட்டும்.

யாரிடம் போவது

கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள். வதிவிடத்தையும் குடும்ப நிலையையும் உறுதிப்படுத்துவது அவர்தான். அடுத்து பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தர். உங்கள் கோப்பைத் திறப்பவர் இவர். சில உதவிகள் பத்தரமுல்லையில் இயங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்திலிருந்து வருகின்றன. சில உதவிகள் கிழக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் ஊடாக வருகின்றன. விண்ணப்பம் கொடுக்கும்போதே "இது எந்தப் பக்கம் போகும் மிஸ்?" என்று கேட்டு, கொப்பியில் எழுதிவையுங்கள். பிறகு விசாரிக்கும்போது பாதி அலைச்சல் குறையும்.

கையில் இருக்கவேண்டியவை: தேசிய அடையாள அட்டை (பிள்ளையென்றால் பிறப்புச் சான்றிதழ்), கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வைத்தியச் சான்றிதழ் அல்லது ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஒரு படம். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. மூலப்பிரதியை எந்த மேசையிலும் விட்டுவராதீர்கள். போரிலும் 2004 சுனாமியிலும் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் கரையோரத்தில் இன்னும் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் அதை முதலில் எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் நகரும்.

சேவை பெறக் காசு கொடுக்காதீர்கள். "நான் எடுத்துத் தாறன்" என்று வாசலில் நிற்கும் தரகர்கள் எடுத்துத் தரும் எதையும் நீங்களே எடுக்கலாம்.

பதவிசிறிபுர, கோமரங்கடவல போன்ற பிரிவுகளிலோ பத்தரமுல்லைக்கோ எழுதும்போதும் தமிழிலேயே எழுதலாம். தமிழும் அரசகரும மொழி. பதில் தமிழில் வேண்டும் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி சேருங்கள்.

வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்கும் கடிதத்தை இப்படி எழுதலாம்:

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், மூதூர்.
சமூக சேவை உத்தியோகத்தரின் கவனத்திற்கு.

ஐயா,

வீட்டுக்கு வந்து தேவைகளை மதிப்பிடுமாறு கேட்டல்

என் கணவருக்கு முள்ளந்தண்டுக் காயத்தால் இரண்டு கால்களும் இயங்காது. அவரை அலுவலகத்துக்குக் கொண்டுவர எங்களிடம் வசதி இல்லை. அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்ற குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். மாதக் கொடுப்பனவுக்கு மேலதிகமாக, மலசலகூடத் திருத்தம், அளவெடுத்த சக்கர நாற்காலி, வீட்டுக்கு வரும் இயன்மருத்துவ வழிகாட்டல் ஆகியவை தேவைப்படுகின்றன. சமூக சேவை உத்தியோகத்தர் ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்வையிட்டு, கிடைக்கக்கூடிய உதவிகளை எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிலைத் தமிழில் தரவும்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத்தபாலில் அனுப்பி, அந்தத் துண்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். "எழுத்தில்" என்ற சொல்லைக் கடிதத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

கொடுப்பனவு

வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2023-இல் தொடங்கிய அஸ்வெசும திட்டம் நலன்புரி நன்மைகள் சபையின் கீழ் நடக்கிறது. குடும்பத்துக்கான அஸ்வெசும வேறு, மாற்றுத்திறனாளிக்கான கொடுப்பனவு வேறு. ஒன்று கிடைப்பதால் மற்றது தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஊரில் பிச்சைச் சம்பளம் என்று சொல்லப்படும் பொதுசன மாதாந்த உதவிப்பணம் மாகாணத் திணைக்களத்தின் ஊடாக வருவது. தனியாக வாழும் முதியவருக்கும் வருமானமற்ற நோயாளிக்கும் அது பற்றி விசாரியுங்கள்.

அஸ்வெசுமக் கணக்கெடுப்பில் வீட்டில் ஒரு மாற்றுத்திறனாளி இருக்கிறார் என்பது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெட்கப்பட்டோ கண்ணூறுக்குப் பயந்தோ பிள்ளையை மறைத்துச் சொன்ன வீடுகள் உண்டு. அந்த மறைப்பு பிள்ளையின் உரிமையைத்தான் வெட்டுகிறது. பட்டியலில் பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் காலக்கெடு அறிவிக்கப்படும். கிராம உத்தியோகத்தரின் அறிவித்தல் பலகையை யாராவது ஒருவர் போகும்போதெல்லாம் வாசித்துவரவேண்டும்.

10,000 ரூபா ஒரு பராமரிப்பாளரை வைத்துக்கொள்ளப் போதாது. பம்பர்ஸ், மருந்து, ஓட்டோ என்று கரைந்துவிடும். பராமரிக்கும் குடும்ப உறுப்பினருக்கென்று தனி மாதச் சம்பளம் இங்கே கிடையாது. இதை மாற்றவேண்டும் என்று நம் சங்கங்கள் ஒன்றாகக் குரல் கொடுக்கவேண்டிய காலம் வந்து வெகுநாளாகிவிட்டது.

வீட்டைத் திருத்துதல்

ஒரு குடும்பத்தின் பாரத்தை நிரந்தரமாகக் குறைப்பது கட்டுமானம்தான். மாதக் கொடுப்பனவு மாதத்தோடு முடியும். நன்றாகப் போட்ட சாய்தளம் இருபது வருடம் நிற்கும். தேசிய செயலகத்தின் உதவிகளில் வீட்டு வசதிக்கும் அணுகும் வசதியுள்ள மலசலகூடத்துக்குமான உதவியும் உண்டு. அதைக் குறிப்பாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மேசனிடம் சொல்லவேண்டிய அளவுகள் இவை. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது படி அரை அடி உயரம் என்றால் சாய்தளம் 6 அடி நீளம் இருக்கவேண்டும். ஒன்றரை அடி உயரத் திண்ணைக்கு 18 அடி. இடம் போதாதென்றால் நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். "கொஞ்சம் செங்குத்தா இருந்தாலும் தள்ளலாம்" என்று மேசன் சொல்வார். தள்ளப்போவது அவர் அல்ல, அறுபது வயது அம்மா. மேற்பரப்பை வழவழப்பாக்காமல் தென்னந்தும்புத் தும்புத்தடியால் கோடிழுத்து விடச் சொல்லுங்கள். இரு பக்கமும் இரண்டங்குல வரம்பு இருந்தால் சில்லு வழுக்கி இறங்காது.

கதவு திறந்தபின் 2 அடி 8 அங்குலம் இடைவெளி வேண்டும். பழைய வீட்டுத்திட்டங்களில் மலசலகூடக் கதவு இரண்டடிதான் இருக்கும். நிலையை இடித்து மாற்றுவதே வழி. கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் காப்பாற்ற முடியாது. உள்ளே நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி இடம். கொமட்டின் இருக்கை ஏறத்தாழ 18 அங்குல உயரம், நாற்காலியின் இருக்கைக்குச் சமமாக. பக்கத்துச் சுவரில் கைபிடிக் குழாய். அதைச் சீலை காயப்போடும் கம்பியைப்போல் ஆணியில் தொங்கவிடாமல், ஒரு பெரிய ஆள் தொங்கினாலும் பிடுங்காதபடி சுவருக்குள் சீமெந்து வைத்து இறுக்கவேண்டும்.

நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி, சம்பூர்க் கரையோர வளவுகளில் மணல்தான் பெரிய எதிரி. வீட்டு வாசலிலிருந்து படலை வரைக்கும், படலையிலிருந்து வீதி வரைக்கும் மூன்றடி அகலத்தில் சீமெந்துப் பாதை போட்டால் ஒருவர் தானாகவே வீதிக்கு வரலாம். முழுவதும் ஒரே தடவையில் முடியாவிட்டால் கிணத்தடிக்கும் மலசலகூடத்துக்கும் முதலில் போடுங்கள். கல்லும் மணலும் ஊர்ச் சங்கம் கொடுக்கலாம். சிரமதானத்துக்கு இளைஞர்கள் வருவார்கள். பள்ளிவாசல், கோவில், தேவாலய நிர்வாகங்களிடம் பணமாகக் கேட்பதைவிட "இருபது பை சீமெந்து" என்று பொருளாகக் கேட்பது எளிது, அதற்குக் கணக்கும் காட்டலாம்.

பொதுக் கட்டடங்களும் இதில் அடங்கும். அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006-இல் வர்த்தமானியில் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடங்களில் இந்த வசதிகள் கட்டாயம் என்று உத்தரவிட்டது. உங்கள் ஊரில் புதிதாக ஒரு வாசிகசாலையோ தபாலகமோ எழும்பினால், கூரை போடுமுன் சாய்தளம் எங்கே என்று கேளுங்கள். கட்டியபின் இடிப்பது யாருக்கும் பிடிக்காது.

நாற்காலியும் உடம்பும்

மேடையில் வைத்து வரிசையாகக் கொடுக்கப்படும் நாற்காலிகள் எல்லாம் ஒரே அளவு. உடம்புகள் ஒரே அளவு அல்ல. அகலமான நாற்காலியில் மெலிந்த ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு வளையும், ஒரு பக்கம் புண் வரும். குறைந்த வளங்களுள்ள இடங்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது: நாற்காலி அளவெடுத்து, பொருத்தி, ஓட்டப் பழக்கிக் கொடுக்கப்படவேண்டும். ஆகவே இயன்மருத்துவரிடம் இடுப்பு அகலம், தொடை நீளம், கால் நீளம் எடுத்து எழுதி வாங்கி, அந்தத் துண்டை விண்ணப்பத்தோடு இணையுங்கள். மெத்தையையும் சேர்த்துக் கேளுங்கள். உணர்வில்லாதவர் மெத்தையில்லாமல் உட்காரவே கூடாது. கடற்காற்றில் தாங்கி உருளைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். நல்ல தண்ணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். ரியூப் மாற்றவும் கம்பி இறுக்கவும் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரருக்கே முடியும்.

படுக்கைப் புண் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் முள்ளந்தண்டுக் காயமுள்ளவர்களின் உயிரை எடுப்பது பலவேளை காயம் அல்ல, புண். படுத்திருப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். நாற்காலியில் இருப்பவர் அரை மணித்தியாலத்துக்குள் ஒருமுறையாவது கையூன்றித் தன்னைத் தூக்கவோ முன்னே சாயவோ வேண்டும். காலையும் இரவும் குண்டி எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதி, தோள்பட்டை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடம் கைவைத்து எடுத்த பிறகும் சிவப்பாகவே இருந்தால் அந்த இடத்தில் பாரம் கொடுப்பதை அன்றே நிறுத்துங்கள். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாமலும் போகும்; சூடும் தடிப்பும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும். வளையம்போல் நடுவில் ஓட்டையுள்ள குஷன் வேண்டாம், அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை நசுக்கும்.

மேல்முதுகிலோ கழுத்திலோ காயம் உள்ளவருக்குத் திடீரென்று கடும் தலையிடி, முகம் சிவத்தல், வியர்வை வந்தால் அது இரத்த அழுத்தம் ஏறும் அறிகுறி. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள், சலக்குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டில் செய்யும் பயிற்சியை இயன்மருத்துவரிடம் கேட்டு, அவர் செய்துகாட்டும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் மறுபடி கேளுங்கள். தமிழ்நாட்டில் தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே இயங்காத எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்து ஊழியர்களைக் குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்பித் தாய்மாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறது. அதே முறையை இங்கே பெரிய செலவில்லாமல் செய்யலாம். ஒரு கிராமத்தில் நாலு பிள்ளைகள் இருந்தால் ஒரு திண்ணையில் வாரம் ஒருமுறை கூடலாம், மாதம் ஒருமுறை இயன்மருத்துவரை அந்தத் திண்ணைக்கு அழைக்கலாம். தனி வீட்டுக்கு வர நேரமில்லை என்பவர் நாலு பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வர இணங்கக்கூடும். பிள்ளையின் கழுத்து நிற்கவில்லை, பெயர் கூப்பிட்டால் திரும்பவில்லை என்ற சந்தேகம் வந்த நாளே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் பேசும்" என்று காத்திருக்கவேண்டாம்.

பாடசாலைக்கு: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வலயங்களில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியைக் கேளுங்கள். அதிபர் சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பார்த்துக்கொள்பவர்

அது பெரும்பாலும் ஒரு பெண். தாய், மனைவி, மூத்த மகள், சில வீடுகளில் படிப்பை விட்ட சின்ன மகள். அவர் விழுந்தால் முழு ஏற்பாடும் விழும். கொப்பியில் அவருக்கும் ஒரு பக்கம் வேண்டும்: தூக்கம் எத்தனை மணி, நாரி நோ, சொந்தக் கிளினிக்குக்குப் போனது எப்போது. தூக்கும் முறையை இயன்மருத்துவரிடம் கட்டாயம் பழகுங்கள். பெரிய உடம்பை வழுக்கிக் கொண்டுபோக ஒப்பமான பலகை ஒன்று தச்சனிடம் செய்விக்கலாம். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே பாலமாக வைத்தால் தூக்கத் தேவையில்லை. வாரத்தில் ஒரு பின்னேரம் யார் வந்து இருப்பார் என்று உறவில் ஒருவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஏதும் உதவி வேண்டுமெண்டா சொல்லுங்கோ" என்று போகிறவர்களிடம் "வெள்ளிக்கிழமை மூண்டிலயிருந்து ஆறு மட்டும் வந்திருங்கோ மச்சான்" என்று சொல்வதில் குறை ஒன்றுமில்லை.

பெண் மாற்றுத்திறனாளியை வெளியார் பராமரிக்கும்போது, யார் குளிப்பாட்டுகிறார், யார் தனியே இருக்கிறார் என்பதை அவரிடமே தனியாகக் கேளுங்கள். அச்சமோ காயமோ தெரிந்தால் பொலிஸ் பெண்கள் சிறுவர் பிரிவுக்கோ, சிறுவர் என்றால் 1929 இலக்கத்துக்கோ சொல்லுங்கள். குடும்ப மானம் அதற்குப் பிறகுதான்.

பதில் வராவிட்டால்

ஒரு மாதம் கழித்து முத்திரை வைத்த பிரதியோடு போய்க் கேளுங்கள். அதன்பின்னும் பதில் இல்லையென்றால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, இந்தப் பிரிவில் காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடம், இந்த ஆண்டு எத்தனை பேருக்கு மலசலகூட உதவி கிடைத்தது என்று மூன்று கேள்வி போதும். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். பாகுபாடு என்றால் திருகோணமலையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். தனியே போவதைவிடப் பிரிவிலுள்ள மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் கடிதத்தோடு போங்கள். சங்கம் இல்லாத ஊரில் ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.

மாரி தொடங்குமுன்

வடகீழ்ப் பருவமழையில் மகாவலியின் வெள்ளம் மூதூர், வெருகல் பக்கம் வரும். கட்டிலில் கிடப்பவரால் ஓட முடியாது. செப்டெம்பர் முடியுமுன் கிராம உத்தியோகத்தரிடம், நகர்த்த ஆள் தேவைப்படுவோர் பட்டியலில் பெயரைக் கொடுங்கள். எந்தப் பாடசாலைக்குக் கொண்டுபோவார்கள், அதன் மலசலகூடத்துக்குப் படி இருக்கிறதா என்று முன்னரே போய்ப் பாருங்கள். தூக்குவதற்கு நாலு ஆளின் பெயரும் போன் இலக்கமும் சுவரில் ஒட்டியிருக்கட்டும். அவர்களில் இருவராவது கடலுக்குப் போகாதவர்களாக இருக்கவேண்டும். இரண்டு கிழமை மருந்து, சலக்குழாய், கிளினிக் கொப்பி, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் ஒரு பொலித்தீன் பையில். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

எனக்குப் பிறகு

வளர்ந்த பிள்ளையைப் பார்க்கும் ஒவ்வொரு தாயும் இந்தக் கேள்வியை இரவில் தனியே கேட்டுக்கொள்கிறார். அதைப் பகலில், நாலு பேர் இருக்கும்போது கேளுங்கள். சகோதரங்களில் ஒருவரின் தலையில் முழுவதையும் கட்டிவிட்டால் அவர் திருமணத்தோடு அது உடையக்கூடும். பங்காகப் பிரியுங்கள்: ஒருவர் வங்கியும் படிவமும், ஒருவர் மருந்தும் கிளினிக்கும், ஒருவர் தங்கும் இடம், பக்கத்து வீட்டார் ஒருவர் நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது. வீடும் வளவும் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பிள்ளை அங்கே வாழும் உரிமையை நொத்தாரிசைக் கொண்டு எழுதுவியுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் இதற்கு ஆலோசனை கேட்கலாம்.

பிறகு, இப்போதிருந்தே பழக்குங்கள். மாதத்தில் ஓரிரவு பிள்ளை சின்னம்மா வீட்டில் தங்கட்டும், அல்லது சின்னம்மா இங்கே வந்து தங்கட்டும், தாய் வெளியே போகட்டும். காலையில் என்ன சாப்பாடு, எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவேண்டும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், சிரிக்கவைப்பது எது என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கவேண்டும், அதைப் பார்த்து இன்னொருவர் ஒரு முழு நாளைத் தாயிடம் போன் எடுக்காமல் நடத்தவேண்டும். முடியாமல் போன இடத்தை மறுநாள் கொப்பியில் திருத்தி, அடுத்த மாதம் திரும்பவும் செய்துபாருங்கள்.